நாலு முழம் வழி

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்கால். மேற்கு மாம்பலம் அயோத்தியா மண்டபத்து வாசலில் ஒரு கல்லூரி மாணவன் துரட்டிக் கம்பைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பால் வாங்கப் போகிறவர்கள் எல்லாம், இந்த நேரத்தில் இவன் எந்த வீட்டு மாங்காய்க்கு வந்திருக்கிறான் என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். பக்கத்தில் கருப்புக் கண்ணாடியும் வெள்ளைக் கோலுமாக ஒரு வங்கி ஊழியர்; எங்கள் எல்லோருக்கும் அவர் ‘சார்’. படிக்கட்டில், முழங்காலில் உறை மாட்டிய மாமி ஒருவர் பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டிருக்கிறார். எனக்கோ முந்தின ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்லை. தீபாவளிக்கு முந்தின ராத்திரி குழந்தைக்குத் தூக்கம் வருமா, அதே கதைதான்!

அப்படி என்ன விசேஷம்? இங்கிருந்து பாண்டி பஜார் வரைக்கும் நடக்கப் போகிறோம், அவ்வளவுதான். சுமார் மூன்று கிலோமீட்டர். அதை ஒவ்வோர் அடியாக அளந்துகொண்டே நடக்கப் போகிறோம். வீல்சேரில் வருகிறவர், கண் தெரியாதவர், முட்டி வலிக்காரர், கைக்குழந்தைக்காரி எல்லோரும் இந்த வழியில் தடங்கல் இல்லாமல் போக முடியுமா? எங்கே நிற்பார்கள், எதனால் நிற்பார்கள், என்ன செய்தால் நிற்காமல் போவார்கள்? இந்த வேலைக்கு ‘அணுகல் தணிக்கை’ என்று பெரிய பெயர். நாங்கள் ‘அளவெடுக்கப் போறது’ என்போம். திரைக்குப் பின்னால் அது எப்படி நடக்கிறது என்று பார்க்க என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். வாருங்கள், முதலில் பையைத் திறந்து காட்டிவிடுகிறேன்.

பைக்குள் ஐந்து மீட்டர் டேப் ஒன்று. மூன்று நிறச் சாக்பீஸ். ஒரு விசில். சாய்வைப் பாகையில் காட்டும் ரசமட்டச் செயலியோடு ஒரு செல்போன். எல்லாவற்றுக்கும் மேலே, சுருட்டி வைத்த ஒரு பருத்திக் கயிறு. கயிற்றின் நீளம் 1.8 மீட்டர், நடுவில் ஒரு சிவப்பு முடிச்சு. கம்புக்கும் இந்தக் கயிற்றுக்கும்தான் அன்றைக்கு ராஜ மரியாதை.

ஏன் தெரியுமா? நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டி ஒன்று இருக்கிறது, ஐ.ஆர்.சி. 103 என்பார்கள். எந்த இடைஞ்சலும் இல்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் வேண்டும் என்கிறது அது. நடைபாதை சாலையைவிட 15 சென்டிமீட்டருக்குமேல் உயர்ந்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. மாணவத் தம்பியின் கம்பு அந்த 2.2 மீட்டர். கயிறு அந்த 1.8 மீட்டர். நடுவிலுள்ள சிவப்பு முடிச்சு 90 சென்டிமீட்டர். ஒரு வீல்சேர் நுழைய வேண்டிய குறைந்தபட்ச வழி.

மாமி கயிற்றை வாங்கித் தன் முழங்கையில் சுற்றிப் பார்த்தார். “இது நாலு முழம்னா! எங்காத்து மாமா கட்டிண்ட வேஷ்டி நீளம்.” எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். ஒரு முழம் சுமார் 45 சென்டிமீட்டர். நாலு முழம் 1.8 மீட்டர். வழிகாட்டி கேட்கிற அகலம், ஒரு நாலு முழ வேட்டியை விரித்துப் போடுகிற இடம்! வீல்சேருக்குப் பாதி வேட்டி, இரண்டு முழம். அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் குழுவில் யாரும் மீட்டர் பேசவில்லை.

கிளம்புவதற்கு முன் இந்த வழியின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாம்பலம் பழைய ஊர். வெள்ளைக்காரர் வாயில் அது ‘மார்மலாங்’ ஆனது. 1726-ல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் சொந்தப் பணத்தில் அடையாற்றின் குறுக்கே கட்டிய பாலத்துக்கும் அந்தப் பெயர்தான். அந்த இடத்தில்தான் இன்றைக்குச் சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. மாம்பலத்துக்குக் கிழக்கே அப்போது நீண்டு கிடந்தது ஏரி. 1920-களில் ஏரியை வற்றவைத்து உருவாக்கிய புது ஊருக்கு நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை வைத்தார்கள்; அதுதான் டி.நகர். பழைய ஊருக்கும் புது ஊருக்கும் நடுவே தண்டவாளம். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு அந்தத் தடத்தில் மின்ரயில் ஓட ஆரம்பித்தது. இன்றைக்கும் மேற்கு மாம்பலத்துக்காரர்கள், ‘டி.நகர் போய்ட்டு வரேன்’ என்று வெளியூர் போகிற மாதிரிதான் சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள். ஒரே மாநகராட்சி, ஆனாலும் இரண்டு ஊர்!

முதல் விசில். கிளம்பிவிட்டோம்.

பத்தடி போயிருக்க மாட்டோம். ‘டக்!’ கம்பு ஒரு கடைப் பலகையில் இடித்தது. தம்பி துள்ளிக் குதித்தான். “கிடைச்சிடுச்சு!” பலகையின் அடிவிளிம்பு 1.7 மீட்டரில் நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அது தலைக்கு மேல். சாருக்கு நேராக நெற்றியில். “என் கோல் தரையைத்தாம்மா தேடும். மேல தொங்கறதை என் மூக்குதான் கண்டுபிடிக்கும்” என்றார் சார் பொறுமையாக. அதைக் கேட்டபிறகு எந்தக் கடைப் பலகையையும் என்னால் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றும் சார்தான் சொல்லிக்கொடுத்தார். நடந்துகொண்டே இருந்தவர் சட்டென்று நின்றார். “இன்னிக்கு ஞாயிறு இல்ல? காபிக்கொட்டை வறுக்கற கடை இன்னும் திறக்கல. அந்த வாசனை வந்தா இடது கைப் பக்கம் திரும்பணும்னு எனக்குக் கணக்கு.” அவருடைய வரைபடத்தில் காபி வாசனை ஒரு திருப்பம், கோயில் மணி ஒரு திருப்பம், பூக்கடை ஒரு திருப்பம். கடை மூடினால் வரைபடத்தில் ஓட்டை விழுகிறது. அதனால்தான் ஒரு வழியை ஒருமுறை அளந்து முடித்துவிட முடியாது. ஞாயிறு காலை ஒரு தடவை, கூட்டம் நெரிகிற சாயங்காலம் ஒரு தடவை, மழை பெய்து ஓய்ந்ததும் ஒரு தடவை. மூன்று நடைக்கும் மூன்று தாள்.

அந்தத் தாளில் ஆறு கட்டங்கள். இடம், அளவு, படம், யாரை நிறுத்தியது, எதைச் செய்தால் தீரும், அதை யார் செய்யலாம். எனக்கு உயிரானது நாலாவது கட்டம். ‘நடைபாதை மோசம்’ என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். ‘1.7 மீட்டர் உயரத்தில் பலகை; பார்வையற்றவரை நிறுத்தியது; அரை மீட்டர் உயர்த்தினால் தீரும்; கடைக்காரர் செய்யலாம்’ என்று எழுதினால் அது வேலை ஆகிவிடுகிறது. அன்றைக்கே கடை திறந்ததும் போய்ப் பேசலாம்!

கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்ப்பதோ, நடக்க முடிந்தவர் வீல்சேரில் உட்கார்ந்து பார்ப்பதோ இந்தக் குழுவில் கிடையாது. கண்ணைக் கட்டிக்கொண்ட எனக்குப் பயம் மட்டும்தான் தெரியும். சாருக்கு முப்பது வருஷ ஞானம் தெரியும். அவர்தான் நிபுணர். அதனால் அளவெடுக்க வருகிற சாருக்கும் மாமிக்கும் அன்றைய வேலைக்குச் சம்பளம் உண்டு. கேட்டபோது மனசு நிறைந்துவிட்டது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். மாம்பலம் ரயில் நிலையத்தையும் டி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கிற ஆகாய நடைபாதை! 2023 மே மாதம் திறந்தார்கள். நீளம் 570 மீட்டர், அகலம் 4.2 மீட்டர். குழு இங்கே இரண்டாகப் பிரிந்தது. மாமி, சார், தம்பி, நான் ரயில் நிலையப் படியேறிக் கிழக்கே வருவோம். வீல்சேரில் வரும் அக்கா பேருந்து நிலையப் பக்கமுள்ள லிஃப்டில் ஏறி மேற்கே வருவார். நடுவில் சந்திப்பு.

மாமி ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக எண்ணி எண்ணி ஏறினார். நடுவில் நின்றார். “முட்டிக்கு ஏறறது கஷ்டமில்லடி, எறங்கறதுதான் கஷ்டம். எழுதிக்கோ.” எழுதிக்கொண்டேன். கைப்பிடி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, வழியில் எங்கே கை நழுவுகிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். இறங்குகிறபோது கடைசிப் படிக்கு ஓரடி முன்னாலேயே கைப்பிடி முடிந்துவிட்டால், மிச்சமுள்ள அந்த ஒரு படிதான் அவருக்கு மலை.

மேலே போய் நின்றதும் எனக்குப் பேச்சு வரவில்லை. கீழே தண்டவாளம், ரங்கநாதன் தெருப் பக்கத்து மாடிகள், காயப்போட்ட துணிகள், தூரத்தில் ஒரு கோபுரம். தம்பியும் நானும் கயிற்றைக் குறுக்கே போட்டோம். ஒருமுறை, இரண்டுமுறை, அதற்கப்புறமும் 60 சென்டிமீட்டர் மிச்சம். ஒன்பது முழத்துக்கு மேல்! எதிரே புள்ளியாகத் தெரிந்த வீல்சேர் பெரிதாகிக்கொண்டே வந்தது. அக்கா வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்தார். அந்தச் சமதளத்தில் அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க என்னால் ஓடத்தான் முடியும். வந்து நின்றவர் மூச்சு வாங்கச் சிரித்தார். “யாரும் தள்ளல, யாரும் தூக்கல. மாம்பலத்து ரயிலை மேலேர்ந்து பார்க்கறேன்!” சரியாக அப்போது கீழே ஒரு தாம்பரம் வண்டி நுழைந்தது. ஐந்து பேரும் குழந்தைகள் மாதிரி கையாட்டினோம்.

திரும்பி எல்லோரும் லிஃப்டில் இறங்கி உஸ்மான் சாலைப் பக்கம் வந்தோம். இனிமேல்தான் அக்காவின் பாடம்.

ஒரு கிளைத் தெரு குறுக்கிடும் இடம். நடைபாதை அங்கே முடிந்து, தெருவைத் தாண்டி மறுபடி தொடங்குகிறது. சாய்தளம் போட்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சரி. “கிட்ட வா” என்றார் அக்கா. கீழே உட்கார்ந்து அளந்தேன். நடைபாதையின் உயரம் 20 சென்டிமீட்டர். சாய்தளத்தின் நீளம் 1.2 மீட்டர். ஒன்றுக்கு ஆறு. போனை வைத்தால் ஒன்பதரைப் பாகை காட்டுகிறது. இருக்க வேண்டியது ஒன்றுக்குப் பன்னிரண்டு, ஐந்து பாகைக்கும் கொஞ்சம் கீழே. அதாவது 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு 2.4 மீட்டர் நீளம் வேண்டும். நடைபாதையை 15 சென்டிமீட்டருக்குக் குறைத்தால் 1.8 மீட்டர் போதும். மறுபடியும் நம் நாலு முழம்!

அக்கா ஏறிக் காட்டினார். முன்னால் குனிந்து, உடம்பின் பாரத்தை முட்டிமேல் போட்டு, இரண்டு கையாலும் பெரிய சக்கரத்தை அழுத்தினார். முன்னாலிருக்கிற சின்னச் சக்கரம் சாய்தளம் தொடங்குகிற இடத்திலிருந்த விரலளவு விளிம்பில் முட்டி நின்றது. பின்வாங்கி மறுபடி. பாதி ஏறியதும் நாற்காலியின் முன்பக்கம் தரையைவிட்டு எழும்பியது. என் வயிறு கலங்கியது. தம்பி பின்னால் கை கொடுத்தான். “சாண் ஏறினா முழம் சறுக்கும்னு சொல்வாங்களே, அதை எங்களுக்குன்னே கட்டி வச்சிருக்காங்க பாரு” என்றார் அக்கா. ஒரு சாண் என்பது 22 சென்டிமீட்டர் சொச்சம். அந்த நடைபாதை ஏறக்குறைய அதே உயரம். இத்தனை நாள் வாயளவில் இருந்த பழமொழி அன்றைக்குக் கண்ணெதிரே சறுக்கியது.

சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போட்டோம். எனக்கு உள்ளுக்குள் துள்ளல் அடங்கவில்லை. ஏன் தெரியுமா? இதைச் சரிசெய்ய ஒரு கொத்தனாரும் ஒரு நாளும் போதும். முழுத் தெருவையும் தோண்ட வேண்டியதில்லை!

அடுத்தது இரும்புத் தூண்கள். பைக்குகள் நடைபாதையில் ஏறாமலிருக்க நெருக்க நெருக்கமாக நட்டிருக்கிறார்கள். கயிற்றின் பாதியைப் பிடித்துப் பார்த்தால் முடிச்சு தூணைத் தாண்டிப் போகிறது. இரண்டு முழம் இல்லை. பைக்கின் ஹேண்டில்பாரும் வீல்சேரும் அகலத்தில் ஏறக்குறைய ஒன்று. ஒன்றைத் தடுக்கிற இடைவெளி மற்றதையும் தடுக்கும். இந்தப் புதிரை வைத்துக்கொண்டு டீக்கடை வாசலில் அரைமணி நேரம் சூடாகப் பேசினார்கள். முடிவு, 90 சென்டிமீட்டர் விட்டே ஆக வேண்டும்; பைக்கைத் தடுப்பது ஆளும் அபராதமும் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. தூணுக்கு பைக் எது, மனுஷி எது என்று தெரியாது.

சாருக்காக ஒரு நிறுத்தம். தரையில் பதித்த மஞ்சள் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். 1965-ல் ஜப்பானியர் செய்இச்சி மியாகே உருவாக்கியது. 1967 மார்ச் 18 அன்று ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலில் பதித்தார்கள். நீளக்கோடு போட்ட ஓடு என்றால் ‘நேரே போ’. புள்ளி போட்ட ஓடு என்றால் ‘நில், கவனி’. கோலம் போடுகிற கைகளுக்குப் புள்ளியையும் கோட்டையும் சொல்லித்தர வேண்டுமா என்ன! சார் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து காட்டினார். கோடு, கோடு, கோடு... அப்புறம் எந்தப் புள்ளியும் இல்லாமல் நேராக ஒரு மின்கம்பம். கோல் ‘டங்’ என்றது. “ஓடு பொய் சொல்லக் கூடாதும்மா. ஓடே இல்லேன்னா நான் ஜாக்கிரதையா வருவேன். இருந்தா நம்பி வருவேன்.” அந்த வாக்கியத்தை நாலாவது கட்டத்தில் அப்படியே எழுதினேன்.

அடுத்து 12 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க வேண்டும். விசிலோடு நான் நேரம் பார்த்தேன். விநாடிக்கு 1.2 மீட்டர் என்பது கணக்கில் எடுத்துக்கொள்கிற சாதாரண நடை; பத்து விநாடியில் கடக்கலாம். தம்பி ஒன்பதில் போனான். மாமிக்கு இருபது ஆனது. பச்சை விளக்கு யாருடைய காலுக்கு எரிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாமி நடுச்சாலையில் கையைத் தூக்கியபடி வந்த அந்த இருபது விநாடியே பதில்.

இதெல்லாம் யாரோ தயவு பார்த்துச் செய்கிற காரியம் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. 2014-ல் சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்ட மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்துச் செலவில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று சொல்கிறது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அக்கா இந்தத் தேதியைத் தன் பிறந்தநாள் மாதிரி சொல்கிறார்.

பனகல் பூங்காவைச் சுற்றி, சர் தியாகராயா சாலைக்குள் நுழைந்தோம். பாண்டி பஜார்! 2019 நவம்பரில் நடப்போர் வளாகமாகத் திறந்த சாலை. அகலமான நடைபாதை, உட்கார இருக்கைகள். மாமி முதல் இருக்கையில் உட்கார்ந்து, “அப்பாடா” என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று கிலோமீட்டரும் என் கையிலிருந்த தாளில் வரிசையாக நின்றது. கடைசி ஒரு முழத்தில் நின்றுபோனால் முன்னால் வந்த மூன்று கிலோமீட்டரும் வராத கணக்குதான். வீட்டிலேயே இருந்துவிடுகிற ஒவ்வோர் அக்காவுக்கும் பின்னால் இப்படி ஒரு முழம் எங்கோ இருக்கிறது. அதைத் தேடிப்பிடிக்கத்தான் இந்தக் கயிறு.

அக்கா முன்னால் போயிருந்தார். ஒரு பூக்காரம்மா நடைபாதையின் நடுவில் கூடையும் பலகையுமாக உட்கார்ந்திருந்தார். சுவருக்கும் கூடைக்கும் நடுவில் கயிற்றைப் போட்டோம். முடிச்சு வரைக்கும்கூட இல்லை. அவரை எழுப்ப வேண்டும் என்று யாருக்கும் எண்ணமில்லை. அவருக்கும் அங்கே பிழைப்பு இருக்கிறது. அக்கா விஷயத்தைச் சொன்னார். “மரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல இடம் இருக்குல்லம்மா, அங்க கூடை வச்சா நானும் போவேன், நீங்களும் இருப்பீங்க.”

“எவ்ளோ வேணும் கண்ணு?”

“நாலு முழம்.”

பூக்காரம்மா எழுந்தார். எங்கள் டேப்பையும் கயிற்றையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சுவரோரமாகக் குனிந்து, தன் முழங்கையைத் தரையில் வைத்து, பூ அளக்கிற அதே லாவகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று அளந்தார். ஒரு கணம் யோசித்தார். “உனக்குக் கொசுறு போடாம எப்படி” என்று இன்னும் அரை முழம் தள்ளி வைத்தார். தம்பி பச்சைச் சாக்பீஸால் அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தான். கூடை மரத்தடிக்கு நகர்ந்தது.

அக்கா சக்கரத்தைத் தள்ளினார். எங்கும் நிற்காமல், எதையும் உரசாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். மல்லிகை வாங்கிக்கொண்டுதான் திரும்பி வந்தார்.